எலும்பில் வேர் போட்ட கோடுகள்: கண்டுபிடிப்பது, பிரிப்பது, படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில் இருக்கும் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் 1959 ஜூலையில் தொல்லியலாளர் மேரி லீக்கி ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அந்த இடத்தை ஆய்வாளர்கள் எஃப்.எல்.கே. சிஞ்ச் என்பார்கள். அடுத்து நடந்த அகழாய்வில் அதே மட்டத்திலிருந்து கல் கருவிகளும் விலங்கு எலும்புத் துண்டுகளும் ஏராளமாக வெளியே வந்தன. வயது சுமார் 18 லட்சம் ஆண்டுகள். கல் கருவியின் வெட்டுத்தடங்கள் அந்த எலும்புகளில் இருப்பதை 1981-லேயே காட்டிவிட்டார்கள். சண்டை அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. கறியை முதலில் தின்றது யார்? மனித மூதாதையா, சிங்கமும் சிறுத்தையுமா?

எலும்புகளின் நடுத்தண்டில் நிறையப் பல்தடங்கள் இருக்கின்றன, ஆகவே வேட்டை விலங்குகள் தின்று போட்ட மிச்சத்தைத்தான் மனித மூதாதைகள் எடுத்திருக்கிறார்கள் என்றார் ஆய்வாளர் ராபர்ட் புளூமன்ஷைன். 2006-ல் மனுவேல் டொமிங்குயஸ்-ரோட்ரிகோவும் ரெபெகா பார்பாவும் அதே எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு வேறு கதை சொன்னார்கள். பல்தடம் என்று எண்ணப்பட்டவற்றில் கணிசமானவை பல்லால் வந்தவையே இல்லை. மண்ணுக்குள் செடி வேர்களோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அரித்த தடங்கள் என்றார்கள். அவற்றைக் கழித்துவிட்டால் பல்தடங்களின் விகிதம் மளமளவென்று இறங்குகிறது. மனித மூதாதை முதலில் வந்தவன் ஆகிவிடுகிறான். அடுத்த ஆண்டே புளூமன்ஷைன் தரப்பு மறுப்பு எழுதியது.

மனிதன் இறைச்சி தின்ற வரலாறு எந்தப் பக்கம் சாயும் என்பதை மில்லிமீட்டர் அகலமுள்ள அரிப்பு தீர்மானிக்கிற அளவுக்கு விஷயம் பெரியது. ஆகவே எலும்பைக் கையில் எடுக்கும் தொல்லியல் மாணவர், தடயவியல் படிப்பவர், தோண்டிய குழியில் எலும்பைப் பார்த்துவிட்டு ‘இது என்ன கோடு?’ என்று யோசிப்பவர் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நான் இங்கே திரும்பத் திரும்ப வற்புறுத்தப் போவது ஒன்றுதான். ஒற்றைக் கோட்டை உற்றுப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். எந்தத் தடத்தின் மேல் எந்தத் தடம் ஏறியிருக்கிறது என்ற வரிசையைப் பிடியுங்கள். வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

வேர் எப்படி எலும்பைக் கரைக்கிறது?

செயல்முறைக்குப் போகுமுன் இது கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அபடைட் வகை. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். தோட்டம் போடுகிறவர்கள் எலும்புத்தூளை உரமாகப் போடுவது அந்தப் பாஸ்பேட்டுக்காகத்தான். மண்ணில் பாஸ்பரஸ் தட்டுப்பாடு உண்டு. கிடைக்கிற இடத்தில் வேர் அதிகமாகக் கிளைக்கும். புதைந்த எலும்பு ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். அப்படியிருக்க எலும்பைச் சுற்றி வேர் பின்னிக்கொள்வதில் வியப்பில்லை.

வேர் எலும்பைச் சுரண்டுவதில்லை, கரைக்கிறது. வேர் மூச்சுவிடும்போது வரும் கரியமில வாயு மண் ஈரத்தில் கலந்து கார்பானிக் அமிலமாகும். இது ஒரு வழி. அமோனியம், பொட்டாசியம் போன்றவற்றை உறிஞ்சும்போது வேர் அதற்கு ஈடாக ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். அதனால் வேரை ஒட்டிய மெல்லிய மண் படலம், சற்றுத் தள்ளியுள்ள மண்ணைவிட அமிலத்தன்மை கூடியதாக ஆகலாம். இதற்கு மேல் சிட்ரிக், மாலிக், ஆக்சாலிக் போன்ற கரிம அமிலங்களும் வேரிலிருந்து கசியும். இவை வெறும் அமிலங்கள் மட்டும் அல்ல, கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் தன்மையும் உள்ளவை. அபடைட் அமிலத்தில் கரையக்கூடியது. வேர் ஒட்டிக் கிடந்த வழி நெடுக எலும்பு கரைந்து, வேரின் அகலத்தில் ஒரு பள்ளம் விழுகிறது.

வேர் தனியாக வேலை செய்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தாவரங்களின் வேரோடு பூஞ்சை கூட்டு வாழ்க்கை நடத்துகிறது. பூஞ்சை இழைகள் சில மைக்ரான் தடிமன்தான். கார்ல் வெட்ல் என்பவர் 1864-ல் எலும்புக்கும் பல்லுக்கும் உள்ளே நுண்ணிய சுரங்கங்களைப் பார்த்து எழுதினார். இன்றும் அவற்றுக்கு வெட்ல் சுரங்கங்கள் என்றே பெயர். ஆனால் அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் கிளைக்கோடுகளை வேர்த்தடம் என்று சொல்வது வழக்கம். அதில் வேரின் பங்கு எவ்வளவு, பூஞ்சையின் பங்கு எவ்வளவு என்று கோட்டைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது.

இதையெல்லாம் நம்பக் கஷ்டமாக இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் மெருகேற்றிய சலவைக்கல் பலகையின் மேல் மணலைப் பரப்பி, அதில் செடி வளர்த்தார். பிறகு பலகையைக் கழுவிப் பார்த்தால் வேர் ஓடிய வழியெல்லாம் பளபளப்பு போய், வேரின் படமே கல்லில் விழுந்திருந்தது. கல் கடையில் கிடைக்கும் உடைந்த மார்பிள் துண்டு போதும். கிரானைட் வேண்டாம், அது இப்படிக் கரையாது. ஆழமில்லாத தொட்டியின் அடியில் பளபளப்பு மேலே வரும்படி சாய்த்து வைத்து, கழுவிய மணல் போட்டு, மொச்சையோ அவரையோ நட்டு, சில வாரம் தண்ணீர் ஊற்றுங்கள். கல்லை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கிய கோடுகள் தெரியும். சலவைக்கல் கால்சியம் கார்பனேட், எலும்பு கால்சியம் பாஸ்பேட். வேதியியல் ஒன்றல்ல, ஆனால் வேர் அமிலத்தால் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குப் புலப்பட்டுவிடும்.

படி 1: எடுக்கும் முன்பே பார்ப்பது

எலும்பு மண்ணில் கிடக்கும்போதே பாதித் தகவல் இருக்கிறது. அவசரப்பட்டுத் தூக்கினால் அது போய்விடும்.

முதலில் சட்டம். மனித எலும்பு மாதிரி தெரிந்தால் கையை எடுத்துவிட்டு போலீசுக்குச் சொல்லுங்கள். பழையதா புதியதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தாழி, பழைய பானை, கற்குவை போன்றவற்றோடு எலும்பு தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தகவல் கொடுத்து, தொல்லியல் துறைக்குப் போக விடுங்கள். ‘சும்மா பார்க்கலாம்’ என்று தோண்டக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் அனுமதி பெற்ற அகழாய்வில் வேலை செய்பவருக்கு, அல்லது வீட்டு ஆட்டெலும்பில் பழகுபவருக்கு.

குழியில் குறித்துக்கொள்ள வேண்டியவை இவை. எலும்பைத் தொட்டுக்கொண்டு உயிருள்ள வேர் இருக்கிறதா? காய்ந்து கருத்த பழைய வேரா? வேரே இல்லாமல் கோடு மட்டுமா? வேர் இருந்தால் அது எந்தச் செடியினுடையது என்று மேலே தேடிப் பாருங்கள். குழியின் பக்கச்சுவரில் எத்தனை ஆழம் வரை வேர் இறங்கியிருக்கிறது என்று அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். எலும்பின் எந்தப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது என்பதை எடுப்பதற்கு முன் பென்சிலால் ஒட்டுச்சீட்டில் குறியுங்கள். பிறகு ஒரு பிடி மண்ணைத் தனிப் பையில் எடுங்கள். மண்ணின் பி.எச். தெரிந்திருப்பது ரொம்ப உதவும்: கடும் அமில மண்ணில் எலும்பின் மேற்பரப்பு முழுவதுமே கரைந்துபோவதால் தனித்தனி வேர்க்கோடுகள் நிற்காது.

படி 2: சுத்தம் செய்வது

இங்கேதான் பெரும்பாலானோர் பொய்த்தடங்களை உண்டாக்குகிறார்கள். இரும்புக் கருவி எலும்பில் பட்டால் கல் கருவி பட்டது போன்ற கோடு விழும். மூங்கில் குச்சியும் மென்மையான பிரஷும் போதும். நிழலில் மெதுவாகக் காய விட்டுவிட்டு, மண் உதிர்ந்துவரும் நிலையில் பிரஷால் தட்டுங்கள். வெயிலில் வைத்தால் எலும்பு வெடிக்கும். அப்புறம் வெடிப்பு எது, தடம் எது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

எலும்போடு ஒட்டிய வேரை இழுக்கவே கூடாது. மேற்பரப்பு ஏற்கெனவே கரைந்து பலவீனமாக இருப்பதால் வேரோடு எலும்புச் செதிலும் பெயர்ந்து வரும். சிறு கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். மஜ்ஜைக் குழிக்குள் நுழைந்து தடித்த வேர் உள்ளிருந்து எலும்பைப் பிளந்திருந்தால் இரண்டையும் பிரிக்க முயலாமல் அப்படியே விட்டுவிடுவது நல்லது. எடுத்த வேர்த்துண்டுகளை வீசிவிடாமல் காகித உறையில் போட்டு எண் எழுதி வையுங்கள். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

கார்பன் காலக்கணிப்புக்கோ டி.என்.ஏ.-வுக்கோ போகக்கூடிய எலும்பு என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பசை, கெட்டிப்படுத்தும் திரவம் எதுவும் பூசாதீர்கள்.

படி 3: வெளிச்சம்

விலை உயர்ந்த கருவி இல்லாமலே நல்ல வேலை செய்யலாம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், வலுவான ஒற்றை விளக்கு. அவ்வளவுதான். விளக்கை நேர் மேலே வைத்தால் எதுவும் தெரியாது. மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, எலும்பின் மேல் வெளிச்சம் சாய்ந்து விழும்படி வைத்து, எலும்பை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள். ஒரு கோணத்தில் சமமாகத் தெரிந்த பரப்பு அடுத்த கோணத்தில் கோடு கோடாக எழுந்து நிற்கும். கைபேசியின் டார்ச்சும் உதவும், ஆனால் அதை ஒரு ஓரமாகப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

படம் எடுக்கும்போது அளவுகோல் வைப்பதோடு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அம்புக்குறியும் போடுங்கள். இல்லையென்றால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரிந்து, பின்னால் படத்தைப் பார்ப்பவர் குழம்புவார்.

படி 4: வேர்த்தடத்தின் முகம்

வேர்க்கோடு நேராக ஓடாது. வளையும், நெளியும், கிளைக்கும், கிளைகள் ஒன்றையொன்று தாண்டும். சில எலும்புகளில் வலை பின்னியது போலவே இருக்கும். அகலம் தலைமுடி அளவிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒரே கோடே வழியில் அகன்றும் குறுகியும் போகும்.

குறுக்கு வெட்டில் பள்ளம் ஆங்கில எழுத்து ‘யூ’ மாதிரி, அடி உருண்டையாக இருக்கும். அடியைக் கைலென்ஸில் பாருங்கள். நீளவாக்கில் நுண்கீறல் எதுவும் ஓடாது. கரைந்த பரப்பாதலால் கொஞ்சம் சொரசொரப்பாக, சில இடத்தில் சிறு குழிகளோடு இருக்கும். நிறமும் பல நேரம் காட்டிக்கொடுக்கும்: அண்மையில் விழுந்த வேர்த்தடம் சுற்றுப்பரப்பைவிட வெளிறியும், பழையது சுற்றிலும் உள்ள அதே கறையோடும் இருக்கும்.

இன்னொரு நம்பகமான அடையாளம் இடம். வேருக்கு உடற்கூறு தெரியாது. தசை ஒட்டிய இடமா, மூட்டா, எலும்பின் உள்பக்கமா, உடைந்த விளிம்பா என்ற பாகுபாடே இல்லாமல் போகும். உடைந்த முகத்தின் மேல் ஏறிப் போகும் கோடு ஒன்று கிடைத்துவிட்டால் அரைச் சந்தேகம் தீர்ந்தது.

படி 5: ஏமாற்றும் மற்ற தடங்கள்

இந்தப் படியில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வேர்த்தடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

*வெட்டுத்தடம்.* கல் கருவியோ கத்தியோ போட்ட கோடு நேராக இருக்கும். ‘வி’ மாதிரிக் குறுகிய அடி. அதன் சுவரிலும் அடியிலும் கோட்டுக்கு இணையாக நுண்கீறல்கள். பெரும்பாலும் தசையும் தசைநாணும் ஒட்டும் இடங்களில், சில கோடுகள் கூட்டமாக ஒரே திசையில் வரும். ஆனால் பழைய வெட்டுத்தடத்துக்குள் அமிலம் புகுந்தால் கூர்மை மழுங்கி, நுண்கீறல் அழிந்து, ‘வி’யும் ‘யூ’ ஆகிவிடும். இந்த நிலையில் நேர்த்தன்மையும் இடமும் மட்டுமே துணை. அதை ‘வெட்டுத்தடமாக இருக்கலாம்’ என்ற தனிப் பட்டியலில் போடுங்கள், உறுதியான பட்டியலில் சேர்க்காதீர்கள்.

*பல்தடம்.* ஓல்டுவாய் தகராறு இதில்தான். பல் இழுபட்ட பள்ளமும் ‘யூ’ வடிவம்தான், ஆகவே குறுக்கு வெட்டை மட்டும் நம்ப முடியாது. பல் அழுத்துவதால் பள்ளத்தின் உள்ளே எலும்பு நசுங்கி, நுண்செதில்களாகச் சிதைந்திருக்கும். நீளத்துக்குக் குறுக்கே, கூட்டமாக, எலும்பின் முனைகளுக்கு அருகில் அதிகம் விழும். அரிப்பில் நசுங்கல் இருக்காது. வேர் ஒரு புள்ளியில் மட்டும் தொட்ட இடத்தில் விழும் வட்டக்குழிதான் பல்குழியோடு அதிகம் குழம்பும். ஒரு குழியை மட்டும் பார்க்காமல் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் நெளிகோடுகள் இருக்கின்றனவா, குழி அவற்றோடு சேர்கிறதா என்று தேடுங்கள்.

*மிதிபட்ட கீறல்.* மணற்பாங்கான மண்ணில் மாடோ மானோ மிதித்தால் மணல் துகள் எலும்பில் உரசி நேர்கோடு போடும். எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் கிடைத்த, சுமார் 34 லட்சம் ஆண்டு பழமையான இரண்டு எலும்புகளில் வெட்டுத்தடம் இருப்பதாக 2010-ல் அறிவித்தபோது, அது மிதிபட்டதால் வந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது நினைவிருக்கலாம். மிதிகீறல்கள் ஆழமில்லாதவை, பல திசையில் தாறுமாறாக ஓடுபவை. கிளைப்பதில்லை.

*எலி, முள்ளம்பன்றி.* வெட்டுப்பல் இரண்டும் சேர்ந்து சுரண்டுவதால் தட்டையான அடியுள்ள கோடுகள் இணை இணையாக வரிசை கட்டும். பெரும்பாலும் விளிம்பில். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

*கரையான்.* மரத்தை மட்டுமல்ல, எலும்பையும் கரையான் கடிக்கும். ஒரு மையத்திலிருந்து நாலாபக்கமும் சிறு கீறல்கள் விரியும் நட்சத்திர வடிவம் இதன் அடையாளம். நம் ஊர்ப் புதைமேடுகளில் வேலை செய்பவர்கள் வேரைவிட இதைக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகிப்பது நல்லது.

*இரத்தக்குழாய்ப் பள்ளம்.* புதியவர்கள் விழும் பெரிய குழி இது. மண்டையோட்டின் உள்பக்கத்தில் மூளையுறைத் தமனி ஓடிய பள்ளங்கள் மரம் மாதிரியே கிளைத்திருக்கும். வேர்த்தடம் என்று எழுதிவிடுவார்கள். வேறுபாடு எளிது: தமனிப் பள்ளம் உடற்கூறில் சொன்ன இடத்தில் இருக்கும், இடது வலது இரண்டு பக்கமும் ஏறத்தாழ அதே போக்கு, விளிம்பு வழவழப்பு, சுற்றுப்பரப்பின் அதே மேற்தோல். எலும்பு உடைந்த இடத்தில் பள்ளமும் உடைந்து நிற்கும், உடைந்த முகத்தின் மேல் ஏறாது.

எலும்பை விழுங்கிய விலங்கின் செரிமான அமிலம் எல்லா விளிம்புகளையும் சேர்த்து மழுக்கும்; வெயிலும் மழையும் எலும்பின் நார்ப்போக்கிலேயே வெடிப்பு விடும்; மண்வெட்டித் தழும்பு பளிச்சென்ற புது வெள்ளையில் இருக்கும். இவை அதிகம் குழப்பாது.

இடையில் ஒரு பயிற்சி: கறிக்கடை எலும்பு

படங்களைப் பார்த்துப் பழகுவதைவிட ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெட்டி எலும்பு சேர்த்து வைப்பது பலமடங்கு மேல். ஆட்டின் கால் எலும்பை வாங்குங்கள். கடைக்காரர் கட்டையில் வைத்துப் போட்ட வெட்டு ஒன்று, கறி எடுக்கும்போது கத்தி ஓடிய மெல்லிய கோடு ஒன்று. இரண்டையும் கைலென்ஸில் பாருங்கள், ஒன்று ஆழமாகப் பிளந்திருக்கும், மற்றது நூலாக ஓடும். இன்னொரு எலும்பைத் தெருநாய்க்குப் போட்டு மறுநாள் எடுங்கள். மூன்றாவதை மணலில் போட்டு செருப்புக்காலால் நன்றாக மிதியுங்கள். எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் வேகவைத்து ஒட்டிய சதையைச் சுரண்டாமல் கழற்றுங்கள். சோடா உப்பு போட வேண்டாம், மேற்பரப்பு கெடும்.

வேர்த்தடத்துக்கு இரண்டு தொட்டிகள் வேண்டும். இரண்டிலும் அதே மண், அதே ஆழத்தில் எலும்பு, அதே தண்ணீர். ஒன்றில் அருகம்புல், மற்றதில் ஒன்றும் முளைக்க விடக் கூடாது. அந்த வெறும் தொட்டி இல்லாவிட்டால் பார்க்கும் அரிப்பு வேரால் வந்ததா, மண்ணாலேயே வந்ததா என்று சொல்ல வழியில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் எடுத்துப் பாருங்கள். கத்திக்கோடு போட்ட எலும்பைப் புதைத்தால் இன்னும் நல்லது. வெட்டுத்தடத்தின் மேல் வேர்த்தடம் ஏறினால் எப்படி இருக்கும் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: எது முன், எது பின்

இனி வரிசை. ஒவ்வொரு குறுக்கீட்டையும் இப்படிக் கேளுங்கள்: இந்தக் கோடு அந்தக் கோட்டை வெட்டுகிறதா, அதனால் வெட்டப்படுகிறதா?

வேர்ப்பள்ளம் வெட்டுத்தடத்தின் குறுக்கே தடையில்லாமல் ஓடி, வெட்டுத்தடத்தின் விளிம்பைக் கரைத்திருந்தால் வெட்டு முந்தியது. கோடு வேர்ப்பள்ளத்தைக் கீறிக்கொண்டு போய், பள்ளத்தின் அடியிலும் புதிதாகத் தெரிந்தால் கோடு பிந்தியது; பெரும்பாலும் அது அகழாய்வுக் கருவியாகவோ சுத்தம் செய்தவர் கையாகவோ இருக்கும்.

உடைப்பு முகத்தின் மேல் வேர்த்தடம் இருந்தால் எலும்பு உடைந்த பிறகுதான் வேர் வந்தது. வேர்த்தடம் உடைந்த விளிம்பில் திடீரென்று நின்று, உடைந்த முகம் சுத்தமாக இருந்தால் வேர் முதலில், உடைப்பு அப்புறம். மஜ்ஜைக்காக உடைத்தார்களா, மண் அழுத்தத்தில் உடைந்ததா என்ற கேள்விக்கு இந்த ஒரு கவனிப்பே பல நேரம் பதில் சொல்லிவிடும்.

வெயில் வெடிப்போடும் இதே கணக்கு. 1978-ல் ஆய்வாளர் அன்னா கே பெரன்ஸ்மெயர், கென்யாவின் அம்போசெலியில் கிடந்த எலும்புகளைப் பார்த்து, வெளியில் கிடக்கும் எலும்பின் சிதைவை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்தார். 0 என்றால் வெடிப்பே இல்லை, 5 என்றால் சிம்பு சிம்பாக உதிரும் நிலை. வெடிப்புக்குள் இறங்கி ஏறிப் போகும் வேர்த்தடம், எலும்பு முதலில் வெளியில் கிடந்து, பின்பு மண் மூடி, அதன்மேல் செடி வளர்ந்ததைச் சொல்லும். வேர்த்தடத்தோடு சேர்ந்தே மேற்பரப்பு உரிந்திருந்தால் கதை தலைகீழ்: புதைந்து கிடந்தது அரிப்பில் மறுபடி வெளியே வந்து வெயில் தின்றிருக்கிறது.

படி 7: பதிவு

ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு வரி. எண், எலும்பின் பெயர், எந்தப் பக்கம், சிதைவு நிலை, வேர்த்தடம் மூடிய பரப்பு (இல்லை, கால்வாசிக்குள், பாதிக்குள், பாதிக்கு மேல்), உடைந்த முகத்தில் உண்டா, எதன் மேல் ஏறியிருக்கிறது. தடம் இல்லாத எலும்பையும் எழுத வேண்டும். ‘இல்லை’ என்று எழுதாவிட்டால் விகிதம் போட முடியாது.

இதில் பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். நூறு எலும்பில் பத்தில் வெட்டுத்தடம், ஆகவே பத்து விழுக்காடு என்று எழுதுவார்கள். அந்த நூறில் நாற்பதின் மேற்பரப்பை வேர் பெரும்பாலும் தின்றிருந்தால்? அவற்றில் வெட்டுத்தடம் இருந்தாலும் தெரிந்திருக்காது. பார்க்கத் தகுந்த பரப்புள்ள அறுபதைக் கொண்டுதான் வகுக்க வேண்டும். கணக்கில் சின்ன மாற்றம், ஆனால் பத்து விழுக்காடு பதினாறைத் தாண்டுகிறது.

படி 8: என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

எலும்பு கிடந்த மண்ணில், அது அங்கே இருந்த காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் செடிகொடி வளர்ந்தது. வேர்த்தடம் உறுதியாகத் தருவது இவ்வளவுதான். எந்தச் செடி என்பது கோட்டிலிருந்து தெரியாது.

‘வேர்த்தடம் இருக்கிறது, ஆகவே மேலோட்டமாகப் புதைத்திருக்கிறார்கள்’ என்று எழுதாதீர்கள். புல்வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் நிற்கும், உண்மைதான். ஆனால் மரவேர் எங்கும் போகும். கலஹாரி பாலைநிலத்தில் கிணறு தோண்டும்போது போஸ்கியா மரத்தின் வேரை 68 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். குழியின் பக்கச்சுவரில் நீங்கள் அளந்த வேர் ஆழம் இல்லாமல் ஆழம் பற்றிப் பேச்சே கூடாது.

அதேபோல் வேர்த்தடம் வயதையும் சொல்லாது. இரண்டாயிரம் ஆண்டு பழைய எலும்பில் போன வருஷத்துக் களைச்செடி கோடு போட்டிருக்கலாம். வெளிறிய நிறம் அண்மைத் தடம் என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவே.

ஆனால் வேரே கையில் இருந்தால் நிலைமை வேறு, அதிலும் தடயவியலில். மண்டையோட்டுத் துளை வழியாகவோ விலா எலும்புகளுக்கு இடையிலோ கட்டைவேர் புகுந்து வளர்ந்திருந்தால், அதைக் குறுக்கே வெட்டி ஆண்டு வளையங்களை எண்ணலாம். ஐந்து வளையம் இருந்தால் உடல் அங்கே குறைந்தது ஐந்து ஆண்டாகக் கிடக்கிறது. ‘குறைந்தது’ என்ற சொல் அறிக்கையில் கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் உடல் கிடந்து எத்தனை வருஷம் கழித்து வேர் வந்தது என்று வளையம் சொல்லாது. 1980-களிலேயே அமெரிக்கத் தடயவியலாளர்கள் இந்த முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். குளிர்நாடுகளில் இது எளிது. வெப்பநாட்டு மரங்களில் பல, ஆண்டுக்கு ஒன்று என்று ஒழுங்காக வளையம் போடுவதில்லை. தேக்கு போன்ற சில மரங்களே தெளிவாகப் போடும். ஆகவே நம் ஊரில் வேரைத் தாவரவியலாளரிடம் காட்டி இனத்தை உறுதி செய்தபின்தான் வளையத்தை எண்ண வேண்டும். படி 2-இல் உறையில் போட்டு வைக்கச் சொன்ன வேர்த்துண்டுகள் இதற்குத்தான்.

கடைசியாக ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது. கார்பன் காலக்கணிப்பில் புதிய வேரின் கார்பன் கொஞ்சம் கலந்தாலே எலும்பு உள்ளதைவிட இளையதாகத் தெரியும். ஆய்வகத்தில் அமிலமும் காரமும் வைத்துக் கழுவுவார்கள்தான். அதற்காக வேர் பின்னிய துண்டை அனுப்பலாம் என்று அர்த்தமில்லை. அடர்த்தியான நடுத்தண்டில், வேர்த்தடம் குறைவான பகுதியைத் தேர்ந்தெடுத்து, லென்ஸின் கீழ் மயிர்வேர்களை இடுக்கியால் எடுத்துவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள்; வெட்டுத்தடம் இருந்த துண்டையே அறுத்து அனுப்பிவிட்டு வருந்துவது இந்தத் துறையில் புதிதல்ல. உறையின் மேல் ‘வேர் இருந்தது, கையால் நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.